மைசூரில் மூன்று மாசம், கையில் இரண்டு வயசுக்காரன்: எங்கேதான் கூட்டிட்டுப் போறது?

கோவில்பட்டிக்காரி (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். வீட்டுக்காரரை ஆபீஸ்ல மூணு மாச வேலைக்கு மைசூருக்கு அனுப்பியிருக்காங்க. ஜூன் முதல் வாரம் தூத்துக்குடி மைசூர் ரயில்ல ஏறி நானும் பையனும் கூடவே வந்துட்டோம். ஆகஸ்ட் கடைசில ஊருக்குத் திரும்பிருவோம். சரஸ்வதிபுரத்துல மாடி வீடு. பையனுக்கு ரெண்டு வயசும் ரெண்டு மாசமும் ஆகுது.

ஊர்ல இருந்தவரைக்கும் இவனை வெளிய கூட்டிட்டுப் போறதுன்னு தனியா ஒரு வேலையே எனக்கு இருந்ததில்ல. கதவைத் திறந்தா தெரு. எதிர்வீட்டு ஆடு, அடுத்த தெருவுல ஆச்சி வீடு, முக்குல கடலைமிட்டாய்க் கடைத் தாத்தா. காலைல ஒரு சுத்து, சாயங்காலம் ஒரு சுத்து, யாராவது இடுப்புல தூக்கிட்டுப் போயிருவாங்க. இங்க அவர் எட்டு மணிக்குக் கிளம்பினா ராத்திரி ஏழரைக்குத்தான் வாரார். இவன் பால்கனிக் கம்பியைப் பிடிச்சு நின்னுக்கிட்டு ரோட்டுல போற ஸ்கூட்டரையெல்லாம் "அப்பா"ன்னு கூப்பிடுதான். பார்க்கப் பாவமா இருக்கு.

கீழ்வீட்டு அம்மா நல்லவங்க. வந்த அன்னைக்கு வாசல்ல நின்னு சிரிச்ச முகமா "பன்னி, பன்னி"ன்னாங்க. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. கன்னடத்துல அது "வாங்க"வாம். பையன் அதை மட்டும் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டான். நேத்து போன்ல எங்க மாமனார்கிட்ட "தாத்தா பன்னி"ன்னுட்டான். அவருக்கு இன்னும் நான் விளக்கி முடிக்கல.

போன ஞாயித்துக்கிழமை அரண்மனைக்குப் போனோம். உச்சி வெயில்ல, அவ்வளவு கூட்டத்துல, செருப்பைக் கழட்டி விட்டுட்டு உள்ள போனா இவன் இடுப்புல இருக்க மாட்டேங்கான். தடுப்புக் கயித்தைப் பிடிச்சு இழுக்கணும்கான். பளிங்குத் தரையில குப்புறப் படுத்துக்கிட்டான். அரை மணி நேரத்துல வெளிய வந்துட்டோம். நான் மேல நிமிர்ந்து கூரையைக்கூடப் பார்க்கல. ஸ்ட்ரோலர் ஒண்ணு மெனக்கெட்டு ரயில்ல ஏத்திக் கொண்டாந்தேன். இங்க நடைபாதையில பத்தடிக்கு ஒரு பைக் நிக்குது, இல்லன்னா ஒரு கல் பேந்து கெடக்கு. ஸ்ட்ரோலர்ல இப்ப வெங்காயம் வச்சிருக்கேன்.

காலைல ஒன்பதுல இருந்து பன்னிரண்டு வரைக்கும், அப்புறம் தூங்கி எந்திரிச்சு நாலரைல இருந்து ஆறரை வரைக்கும் நேரம் இருக்கு. வண்டி கிடையாது, ஆட்டோ இல்லன்னா பஸ். கன்னடம் தெரியாது. இங்க பெண்களுக்கு பஸ்ல இலவசம்னு நம்ம ஊர் நினைப்புல ஏறிட்டேன். கண்டக்டர் ஆதாரைக் கேட்டார். கர்நாடக முகவரி இருந்தாத்தானாம், டிக்கெட் எடுத்தேன். சுத்திப் பார்க்குற இடமா இல்லாம, ஒரு பிள்ளையும் ஒரு அம்மாவும் சும்மா போயிட்டு வர்ற மாதிரி இடம் இருந்தா சொல்லுங்க. அப்பப்ப தூறிக்கிட்டே வேற இருக்கு.

ஈரோட்டு சாந்தா

கண்ணு, நான் கல்யாணம் கட்டிக்கிட்டு மைசூருக்கு வந்து 42 வருசமாச்சு. எங்க வீட்டுக்காரர் அசோகபுரம் ரயில்வே ஒர்க்‌ஷாப்ல இருந்து ரிட்டையர் ஆனவரு. ரெண்டு பசங்களையும், இப்ப ஒரு பேத்தியையும் இந்த ஊர்லதான் தூக்கி வளர்த்தேன். அதனால உரிமையா சொல்றேன். அரண்மனைய இப்போதைக்கு மறந்துரு. அது பெரியவங்க பாக்குறது. ஞாயித்துக்கிழமை ராத்திரி ஏழு மணிக்கு விளக்குப் போடுவாங்க, ஒரு லட்சத்துக்குக் கிட்ட பல்பு. அதுக்கு மட்டும் கூட்டிட்டுப் போ. வெளிய மைதானத்துல நின்னு பாத்தாப் போதும், ஓடவும் இடம் இருக்கும்.

மிருகக்காட்சி சாலைக்குக் கண்டிப்பாப் போவே. ஆனா செவ்வாய்க்கிழமை போயிராதே, லீவு. எங்க ஊர்ல இருந்து வர்ற சொந்தக்காரங்க பாதிப் பேரு செவ்வாய்க்கிழமைதான் வந்து கேட்டுல நிப்பாங்க. 1892-ல சாமராஜேந்திர உடையார் ஆரம்பிச்சது, நூத்தம்பது ஏக்கருக்கு மேல. பெரியவங்களுக்கே முழுசா நடந்தாக் கால் விட்டுப்போகும். ரெண்டு வயசுப் பிள்ளைக்கு ஒட்டகச்சிவிங்கி, யானை, அவ்வளவுதான். டிக்கெட்டுக்குக் காசு குடுத்தாச்சேன்னு புலி, சிங்கம், காண்டாமிருகம்னு இழுத்துட்டுப் போகாதே. வார நாள்ல காலைல திறந்ததும் போயி, பத்தரைக்கெல்லாம் வெளிய வந்துரு. பிளாஸ்டிக் பை உள்ள விடமாட்டாங்க, துணிப்பை எடுத்துக்கோ. நடக்க முடியலன்னா பேட்டரி வண்டி இருக்கு, அதுல ஏறுறதே பசங்களுக்குப் பாதித் திருவிழா.

அதுக்குப் பக்கத்துலயே காரஞ்சி ஏரி. என் பேத்திக்கு மிருகக்காட்சி சாலையவிட இதான் உசுரு. பெரிய வலைக் கூண்டு கட்டியிருக்காங்க, நாமளே உள்ள நடந்து போலாம், மயிலு நம்ம காலுக்குக் குறுக்க நடக்கும். நாம கூண்டுக்குள்ள, பறவையும் கூண்டுக்குள்ள. வண்ணத்துப்பூச்சித் தோட்டமும் இருக்கு, ஆனா பூச்சி இருக்கிற நாளும் உண்டு, செடி மட்டும் இருக்கிற நாளும் உண்டு. இதுக்கும் செவ்வாய் லீவுதான்.

பாஷையப் பத்திப் பயப்படாதே. உன் பையன் பேசுறது பாதி கன்னடந்தான். அவன் "ஆனை"ன்னு சொன்னா இங்க எல்லாருக்கும் புரியும், இவங்களுக்கும் அது "ஆனெ"தான். கரடி கரடிதான். நாயி, மீனு, காகெ. நம்ம "வே" அவங்களுக்கு "பே". வேணும்னா "பேக்கு", வேண்டாம்னா "பேடா". நம்ம "ப" அவங்களுக்கு "ஹ". பால் ஹாலு, பல் ஹல்லு, புலி ஹுலி. இந்த ரெண்டையும் தெரிஞ்சுக்கிட்டா ஆட்டோக்காரர்கிட்ட பாதி பேசிரலாம். மீதிப் பாதிக்கு அவருக்கே தமிழ் தெரிஞ்சிருக்கும்.

பொருநைக்கரையான்

கேட்கிறேன்னு தப்பா நினைக்காதீங்க. மூணு மாசந்தானே? மழை, கொசு, தெரியாத ஊரு. ரெண்டு வயசுப் பிள்ளைக்கு இதெல்லாம் ஞாபகமா இருக்கப் போகுது? வீட்டுக்குள்ள நாலு விளையாட்டுச் சாமான் வாங்கிப் போட்டாப் போதாதா? எங்க காலத்துல பிள்ளைகளை இப்படித் தூக்கிட்டு அலையல.

கோவில்பட்டிக்காரி

அண்ணாச்சி, உங்க காலத்துல பிள்ளைகளைத் தூக்கிட்டு அலையத் தேவை இருந்திருக்காது, தெருவே தூக்கிட்டுப் போயிருக்கும். அவனுக்கு ஞாபகம் இருக்குமான்னு எனக்குத் தெரியாது. நாள் பூராவும் நாலு சுவத்துக்குள்ள அவன் கூட இருந்த ஞாபகம் எனக்கு இருக்கும்லா. கொசுவுக்கு முழுக்கைச் சட்டையும் பேன்ட்டும் போட்டுத்தான் இறக்குறேன்.

சாந்தாம்மா, "ஆனெ" படிச்சுட்டு ஒரே சிரிப்பு. கீழ்வீட்டு அம்மாகிட்டச் சொல்லிக் காட்டினேன். அவங்க வாசல்ல உட்கார்ந்து பையனுக்கு காகெ, நாயின்னு பாடம் எடுத்துட்டு இருக்காங்க.

திருப்பூர் அப்பா

சகோதரி, நாங்க மைசூர்ல எட்டு மாசம் இருந்தோம், சுத்திப் பார்க்க இல்லை. என் பையனுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. மானசகங்கோத்ரியில பேச்சுக்கும் கேட்புக்குமான அகில இந்திய நிறுவனம் இருக்கே, 1965-ல ஆரம்பிச்சது, அங்கே பயிற்சிக்காக வந்தோம். பிள்ளையோட அம்மாவோ அப்பாவோ கூடவே வகுப்புல உட்காரணும். என் மனைவிக்கு லீவு கிடைக்கல, நான் பனியன் கம்பெனி வேலையை விட்டுட்டு வந்தேன். அப்ப அவனுக்கு ரெண்டே முக்கால் வயசு. ஜெயலட்சுமிபுரத்துல ஒரு ரூம்.

முதல் மாசம் நானும் உங்களை மாதிரிதான். பிள்ளைக்கு ஏதாவது காட்டணும்னு ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு இடம். டீச்சர் கேட்டாங்க, நேத்து எங்கே போனீங்க, முந்தாநாள் எங்கேன்னு. நான் பெருமையா அடுக்கினேன். ஒரு வாரத்துக்கு வேற எங்கேயும் போகாதீங்க, ஒரே இடத்துக்கு ஒரே வழியில போங்க, வழியில இருக்கிறதையெல்லாம் அதே வார்த்தையால சொல்லிக்கிட்டே போங்கன்னாங்க. காது மெஷின் போட்ட பிள்ளைக்கு ஒரு சொல் மனசுல ஒட்ட எத்தனையோ தடவை கேட்கணும். காது நல்லாக் கேட்கிற பிள்ளைக்கு அவ்வளவு வேண்டியதில்லைதான். ஆனாலும் புது ஊருல திகைச்சுப் போய் நிக்கிற பிள்ளைக்கு, நேத்துப் பார்த்ததை இன்னைக்கும் பார்க்கிறதுல ஒரு தைரியம் வருது. அதை நான் என் கண்ணால பார்த்தேன்.

எங்களுக்கு அந்த ஒரே இடம் குக்கரஹள்ளி ஏரி. உங்க சரஸ்வதிபுரத்துக்குப் பக்கத்துலயேதான், ஸ்ட்ரோலருக்கு வேலையே இல்லை. 1864-ல மும்முடி கிருஷ்ணராஜ உடையார் காலத்துல வெட்டின ஏரி. ஊர்க்காரங்க காலைலயும் சாயங்காலமும் கரையைச் சுத்தி நடப்பாங்க, அவங்களோட போட்டி போடாதீங்க. நாங்க எட்டு மாசத்துல ஒரு தடவைகூட முழுச் சுத்து போகல. கேட்டுல இருந்து ஒரு நூறு, நூத்தம்பது அடி. அவ்வளவுதான் எங்க உலகம். சாய்ஞ்ச மரம் ஒண்ணு, எறும்புப் புத்து ஒண்ணு, ஒரு சிமெண்ட் பெஞ்சு. தண்ணியில நீர்க்காகம் சிறகை விரிச்சுக் காயப்போட்டு உட்கார்ந்திருக்கும். கூழைக்கடா வந்து இறங்கும்போது பார்க்கணும், தண்ணியில சறுக்கிக்கிட்டே வரும், பிளேன் இறங்குற மாதிரி. கரையோரம் போகும்போது மட்டும் கையை விட்டுராதீங்க.

வாசல்ல ஒரு இளநீர்க்காரர். தினமும் ஒரு காய் வாங்கி ரெண்டு பேரும் குடிப்போம். அவர் சீவ ஆரம்பிச்சா நான் "டக், டக், டக்"னு சொல்லிக் காதைத் தொட்டுக் காட்டுவேன். மூணாவது மாசம் ஒரு நாள் நான் பணம் எடுக்கத் திரும்பி நின்னுட்டு இருந்தேன். என் சட்டையைப் பிடிச்சு யாரோ இழுத்தாங்க. பார்த்தா இவன் இளநீர்க்காரருக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நின்னு, தன் காதைத் தொட்டுக் காட்டுறான். கத்தி கண்ணுக்குத் தெரியல அவனுக்கு. சத்தம் கேட்டிருக்கு. இளநீர்க்காரருக்கு விஷயம் புரிஞ்சதும் அவர் பாட்டுக்கு இன்னும் ரெண்டு காயை எடுத்துச் சீவிக்கிட்டே இருந்தார். காசு வாங்கல. இப்ப பையன் ஸ்கூலுக்குப் போறான், வாயைத் திறந்தா மூட மாட்டேங்கிறான்.

இன்னொண்ணு. உங்க வீட்டுல இருந்து சாமராஜபுரம் ஸ்டேஷனும் கிட்டத்தான். சின்ன ஸ்டேஷன், கூட்டம் இருக்காது, நாளைக்குச் சில ரயில்தான் வரும். பத்து ரூபா பிளாட்ஃபார்ம் டிக்கெட் எடுத்துட்டு உட்காருங்க. ரயில் நேரத்தை முன்னாடியே பார்த்து வச்சுக்கோங்க, இல்லைன்னா "எப்ப வரும்"னு நச்சரிச்சே கொன்னுருவான். ரயில் பைத்தியம் பிடிச்சிட்டா மைசூர் ஜங்ஷன் பக்கத்துல ரயில் மியூசியம் இருக்கு, 1979-ல ஆரம்பிச்சது. பழைய நீராவி எஞ்சின்ல ஏறி உட்காரலாம், குட்டி ரயில் ஒண்ணும் ஓட்டுவாங்க. மகாராணி போன சலூன் பெட்டியும் அங்கே நிக்குது, ஆனா பசங்க அதைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாங்க. தரையில கிடக்கிற ஜல்லிக் கல்லுதான் அவங்களுக்கு மியூசியம்.

ஹாசன் மருமகள்

அக்கா, தேவராஜ மார்க்கெட்டை யாருமே சொல்லலையே! நான் மதுரைப் பொண்ணு, ஹாசன்ல கட்டிக் கொடுத்திருக்காங்க. மைசூர் வந்தா முதல்ல அங்கேதான். காலைல பத்து மணிக்குள்ள போயிருங்க. பூ வரிசை, வாழைப்பழ வரிசை, காய்கறி வரிசைன்னு தனித்தனியா இருக்கும். குங்குமக் கடையில கலர் கலரா கோபுரம் மாதிரி குவிச்சு வச்சிருப்பாங்க. எச்சரிக்கை: அந்தக் கோபுரமெல்லாம் சரியா ரெண்டு வயசுப் பிள்ளையோட கைக்கு எட்டுற உயரம். என் பொண்ணு ஊதாக் கோபுரத்துல முழங்கை வரைக்கும் விட்டுட்டா. கடைக்காரர் திட்டல, நான்தான் கால் கிலோ ஊதாப் பொடி வாங்கிட்டு வந்தேன். இப்பவும் வீட்டுல கெடக்கு.

சாமுண்டி மலைக்குப் போனா பையன் கையில வாழைப்பழம் குடுக்காதீங்க, குரங்கு பிடுங்கிரும். மேல கோயில்ல நீள வரிசை நிக்கும். பாதி மலையில இருக்கிற நந்தியே போதும்னு எனக்குத் தோணும். ஒரே கல்லு, பதினஞ்சு அடிக்கு மேல உசரம், கழுத்து நிறைய மணி. தொட்ட தேவராஜ உடையார் காலத்துது. ஆயிரம் படி ஏறணும்னு இல்ல, அதுவரைக்கும் ரோடு போகுது.

கோவில்பட்டிக்காரி

எல்லாரும் மன்னிக்கணும், அஞ்சு வாரம் கழிச்சு எழுதுறேன். திருப்பூர் அண்ணே, நீங்க எழுதினதை ராத்திரி அவர் வந்ததும் சத்தமா வாசிச்சுக் காட்டினேன். இளநீர்க்காரர் இடம் வந்ததும் என்னால வாசிக்க முடியல, அவர்தான் போனை வாங்கி மீதியை வாசிச்சார்.

இப்ப எங்க நாள் இப்படித்தான் போகுது. காலைல ஏரி. நீங்க சொன்ன சாய்ஞ்ச மரத்தைத் தேடினேன், எதுன்னு தெரியல. நாங்க வேற ஒரு மரத்தைப் பிடிச்சுக்கிட்டோம். வேர்ல ஒரு பொந்து இருக்கு, இவன் தினமும் அதுக்குள்ள ஒரு குச்சியைப் போட்டுட்டு வாரான். மறுநாள் போய் இருக்கான்னு பார்க்கான். கூழைக்கடாவுக்கு "பெரிய வாய்"னு பேரு. முதல் வாரம் ஒரு மணி நேரத்துல கேட்டுல இருந்து இருபதடி போயிருப்போம். எனக்குக் கால் பரபரன்னு வந்துச்சு, இன்னும் கொஞ்சம் போனா என்னன்னு. ரெண்டாவது வாரம் நானும் குச்சி இருக்கான்னு குனிஞ்சு பார்க்க ஆரம்பிச்சுட்டேன்.

சாயங்காலம் தூறல் இல்லன்னா ஸ்டேஷன். அங்க பூக்கட்டுற ஒரு அம்மா இவனை "பாப்பு, பா இல்லி"ன்னு கூப்பிடுவாங்க, "இங்க வா"ன்னு அர்த்தமாம். இவன் ரெண்டு நாள் என் முந்தானைக்குப் பின்னாடி ஒளிஞ்சான், மூணாவது நாள் போய்ப் பக்கத்துல உட்கார்ந்துட்டான். இப்ப சோறு ஊட்டினா "பேடா"ங்கான். வேண்டாம்னு சொல்றதுக்கு ஒரு பாஷைதான் இருந்துச்சு, இப்ப ரெண்டு. சாந்தாம்மா, இதுக்கு நீங்கதான் பொறுப்பு.

மிருகக்காட்சி சாலைக்கு ஒரு புதன்கிழமை போனோம். ஒட்டகச்சிவிங்கியை நிமிர்ந்து பார்த்தான், சரின்னுட்டான். யானையைப் பார்த்து "ஆனை, டாட்டா"ன்னு சொல்லிட்டு நடையைக் கட்டிட்டான். அப்புறம் தோட்டக்காரர் ஒருத்தர் ரப்பர் குழாயில தண்ணி பாய்ச்சிட்டு இருந்தார். அங்க நின்னோம் பாருங்க, இருபது நிமிஷம். அவர் கடைசில குழாயை இவன் கையில குடுத்துட்டார். நனைஞ்ச சட்டையோட ஆட்டோவுல வரும்போது "ஜூ நல்லாருந்துச்சா"ன்னு கேட்டேன். "தண்ணி"ன்னான்.

மார்க்கெட்டுக்கு இவனைத் தூக்கிட்டுப் போக எனக்குத் தைரியம் வரல. நான் மட்டும் ஒரு ஞாயித்துக்கிழமை காலைல, பிள்ளையை அவர்கிட்ட விட்டுட்டுப் போனேன். மல்லி வாங்கினேன். ரெண்டு மாசத்துல என் ரெண்டு கையும் சும்மா இருந்த ஒண்ணரை மணி நேரம் அதுதான். ஹாசன் தங்கச்சிக்கு நன்றி.

அன்னைக்கு ராத்திரியே அரண்மனை விளக்குப் பார்க்கப் போனோம். ஆறே முக்காலுக்கே போயாச்சு. இருட்டிக்கிட்டே வருது, மைதானம் பூராவும் ஜனம், எல்லாரும் போனைத் தூக்கிப் பிடிச்சிட்டு நிக்காங்க. இவன் அவங்க அப்பா தோள்ல. ஏழு மணிக்கு அத்தனை பல்பும் ஒரே நேரத்துல எரிஞ்சது. எனக்கே ஒரு நிமிஷம் மூச்சு நின்னுச்சு. கூட்டம் "ஓ"ன்னுச்சு. இவன் ரெண்டு கையையும் தட்டிக்கிட்டு, ஊரே கேட்குற மாதிரி கத்தினான்: "அம்மா, கரண்ட்டு வந்துருச்சு!"

முன்னாடி நின்ன ஒரு குடும்பம் திரும்பிப் பார்த்து விழுந்து விழுந்து சிரிச்சாங்க. சேலம்காரங்களாம்.

சாந்தாம்மா, தனிச்செய்தி பார்த்தேன். சனிக்கிழமை கட்டாயம் வாரோம். பேத்தியும் இருப்பாள்ல? இவன் தள்ளி விடுவான், இப்பவே சொல்லிட்டேன். ஊர்ல இருந்து கடலைமிட்டாய் வந்திருக்கு, கொண்டு வாரேன். அப்புறம் ஒரு சந்தேகம்: மைசூர் மல்லிச் செடி ஒண்ணு தொட்டியோட வாங்கி ஆகஸ்ட்ல ரயில்ல கொண்டுபோனா கோவில்பட்டி வெயிலுக்கும் கரிசல் மண்ணுக்கும் பிழைக்குமா? ஸ்ட்ரோலர் காலியாத்தானே வரும், அதுல வச்சுத் தள்ளிட்டுப் போயிரலாம்னு பார்க்கேன்.

ஈரோட்டு சாந்தா

கரிசல் மண்ணுல அப்படியே நடாதே கண்ணு, தண்ணி கட்டிக்கும். பாதிக்குப் பாதி செம்மண்ணும் எருவும் கலந்து தொட்டியிலயே வை, மத்தியான வெயில் படாம பாத்துக்கோ. செடி வாங்கக் காசு செலவு பண்ணாதே, என் வீட்டுல ரெண்டு பதியன் போட்டு வச்சிருக்கேன், சனிக்கிழமை வா, தர்றேன். வெங்காயத்த எடுத்துட்டு ஸ்ட்ரோலரைக் கொண்டா.